ரிப்பன் ட்வீட்டருக்கு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவது: நாற்பதுக்கு மூன்று

காந்த இடைவெளியில் மெல்லிய அலுமினிய ஃபாயில் அதிர்ந்து ஒலி எழுப்பும் ரிப்பன் ஸ்பீக்கரை வீட்டில் செய்ய இறங்குபவர்கள் காந்தத்துக்கும் ஃபாயிலுக்கும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட டிரான்ஸ்ஃபார்மருக்குக் காட்டுவதில்லை. ஓசை மங்கிப்போனால் பழி ரிப்பன் மேல் விழும். டிரான்ஸ்ஃபார்மரில் ரிப்பனோடு சேரும் செகண்டரி பக்கத்தில் கவனிக்காமல் விட்ட சில மில்லிஓம்களை யாரும் சந்தேகிப்பதில்லை.

கணக்கிலிருந்து தொடங்குவோம். 10 மைக்ரான் தடிமன், 10 மி.மீ. அகலம், 150 மி.மீ. நீளத்தில் ஓர் அலுமினிய ஃபாயில். சமமாக இருக்கும்போது அதன் மின்தடை சுமார் 0.040 ஓம். பல்சக்கரங்களுக்கு இடையில் உருட்டி மடிப்பு விழவைத்தால் அதே 150 மி.மீ.க்குள் கூடுதல் ஃபாயில் அடங்கும், தடை 0.045 ஓம் ஆகும். ஆம்ப்ளிஃபயருக்கு இது ஷார்ட் சர்க்யூட். டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அது 8 ஓமாகத் தெரிய வேண்டுமென்றால் 8-ஐ 0.045-ஆல் வகுக்க வேண்டும்: 178. தடை சுற்று விகிதத்தின் வர்க்கத்தில் மாறும் என்பதால் அதன் வர்க்கமூலமான 13.3 தான் சுற்று விகிதம். ஆம்ப்ளிஃபயர் பக்கத்துப் பிரைமரி 40 சுற்று, செகண்டரி 3 சுற்று.

செகண்டரியை ஒரே சுற்றில் முடித்தால் பிரைமரிக்கு 13 சுற்றுதான் கிடைக்கும், இண்டக்டன்ஸ் (மாறும் மின்னோட்டத்தைக் காயில் எதிர்க்கும் தன்மை) போதாது. ஐந்தாக ஏற்றினால் கம்பி நீண்டு, லீக்கேஜ் இண்டக்டன்ஸ் (பிரைமரியும் செகண்டரியும் பகிராத காந்தப்புலத்தால் வருவது) சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறி, மேல் ஸ்தாயி தேய்ந்துவிடும். இந்த அளவு ரிப்பனுக்கு மூன்றுதான் சரி.

உங்கள் ஃபாயிலின் தடையைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்க முடியாது. 1 ஆம்பியர் டி.சி. செலுத்தி, ஃபாயிலின் இரு முனைகளிலும் மில்லிவோல்ட் பாருங்கள். 45 மில்லிவோல்ட் என்றால் 45 மில்லிஓம். இதை ரிப்பன் காந்த இடைவெளிக்குள் போவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். அரை டெஸ்லா காந்தப்புலத்தில் 1 ஆம்பியர் ஓடினால் ஃபாயில் மேல் விழும் விசை அதன் எடையைப் போல் நூறு மடங்கைத் தாண்டும். ஒரே நொடியில் மடிப்பெல்லாம் இழுபட்டு ரிப்பன் வீணாகும்.

கோர்: வெளிவிட்டம் 80, உள்விட்டம் 50, உயரம் 20 மி.மீ. உள்ள ஃபெரைட் டொராய்டு (வளையக் கோர்), பெர்மியபிலிட்டி (காந்தப்புலத்தைக் கடத்தும் திறன்) 2,300 அளவில். 40 சுற்றுக்கு 6.8 மில்லிஹென்றி வரும். 2 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 85 ஓம், அதாவது சுமையைப் போல் பத்து மடங்கு. 20 வோல்ட் கொடுத்தாலும் கோருக்குள் காந்த ஃப்ளக்ஸ் 0.19 டெஸ்லாதான். ஃபெரைட் 0.3-க்கு மேல் திணறத் தொடங்கும் என்பதால் இது பத்திரமான இடம். ஆனால் இதே கோரை வைத்து 300 ஹெர்ட்ஸ் வரை இறங்க நினைத்தால் கணக்கு 1.25 டெஸ்லாவுக்குப் போய்விடும். அதற்குச் சிலிக்கான் ஸ்டீல் கோர்தான் வேண்டும்.

கோரின் விளிம்புகளை எமரி தாளால் மழுக்கி, மைலார் டேப் இரண்டு அடுக்கு சுற்றுங்கள். கூர்மையான ஃபெரைட் விளிம்பு எனாமலைச் சுரண்டிவிடும். மோட்டார் காயில் கட்டும் கடையில் 22 கேஜும் 20 கேஜும் எனாமல் கம்பி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் அடுக்கு, 22 கேஜில் ஒற்றைக் கம்பி, 40 சுற்று, வளையம் முழுக்கச் சீராகப் பரவ வேண்டும். 3.6 மீட்டர் கம்பி பிடிக்கும். மேலே டேப். அடுத்து செகண்டரி: 20 கேஜில் 45 செ.மீ. துண்டுகள் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் 3 சுற்று, பன்னிரண்டும் பேரலலாகச் சேரும். உள்விளிம்பில் 4 மி.மீ. இடைவெளி விட்டுப் படுக்கவைத்தால் 36 கம்பிகளும் வளையத்தை நிரப்பிவிடும். கயிறு போல் முறுக்கி ஒரு மூலையில் சுற்றினால் லீக்கேஜ் எகிறும். ஒரே தடித்த கம்பியும் உதவாது. 20 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பிலிருந்து அரை மி.மீ. ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. மறுபடி டேப், அதன் மேல் 22 கேஜில் இன்னொரு 40 சுற்று. இரண்டு பிரைமரியும் பேரலலாகச் சேரும். செகண்டரி நடுவில் மாட்டிக்கொள்ளும் இந்த அமைப்பே லீக்கேஜைக் குறைக்கிறது.

இங்கே எண்ணிக்கை தவறக் கூடாது. டொராய்டில் ஒரு சுற்று என்பது கம்பி நடு ஓட்டை வழியாக ஒரு முறை போவது. வெளியே எத்தனை வளைவு தெரிகிறது என்பது கணக்கில்லை. பன்னிரண்டு துண்டுகளில் ஒன்று மட்டும் ஓட்டைக்குள் நான்கு முறை போயிருந்தால், மற்ற பதினொன்றோடு சேரும் இடத்தில் அந்த ஒரு சுற்று தனியாக ஷார்ட் ஆகிக் கம்பி சுடும். பிரைமரியில் ஒன்று 39, இன்னொன்று 40 என்றாலும் இதே கதி. டொராய்டை நடு ஓட்டை வழியாக போல்ட் போட்டு இரும்புப் பெட்டியின் இரு பக்கமும் இறுக்குவதும் ஒரு ஷார்ட் சுற்றுதான். ஒரு பக்கம் மரமோ பேக்லைட்டோ இருக்கட்டும்.

கம்பி முனைகள்: காயில் கடைக் கம்பியின் எனாமல் சால்டரிங் சூட்டுக்குக் கரையாது. பன்னிரண்டு துண்டுகளின் இரு முனைகளையும், மொத்தம் இருபத்து நான்கையும், செம்பு பளபளக்கும்வரை பிளேடால் சுரண்டி, தனித்தனியாக ஈயம் பூசிவிட்டுத்தான் செம்புப் பட்டையில் பற்றவைக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் செகண்டரியின் மொத்தத் தடை 1 மில்லிஓம் அளவில் நிற்கும்.

அந்த உழைப்பை அடுத்த பத்து சென்டிமீட்டரில் தொலைத்துவிடலாம். ரிப்பனுக்கு 1 சதுர மி.மீ. வயரில் போகவர 20 செ.மீ. இழுத்தால் 3.4 மில்லிஓம் அங்கேயே போய்விடும், இண்டக்டன்ஸும் ஏறும். டிரான்ஸ்ஃபார்மரை ரிப்பனின் முதுகிலேயே வைத்து, அகலமான செம்புப் பட்டையால் குறுகிய வழியில் இணையுங்கள். அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது, கவ்விதான் வழி. ஃபாயிலின் முனையை இரண்டு மூன்று முறை மடித்து, தேய்த்துத் துடைத்த இரு செம்புத் துண்டுகளுக்கு இடையில் வைத்து, துளி வாசலின் தடவி உடனே இறுக்குங்கள். தாமதித்தால் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படிந்துவிடும். ஒரு கவ்வியில் 5 மில்லிஓம் நின்றாலே ஒலிக்குப் போக வேண்டிய சக்தியில் பத்தில் ஒரு பங்கு சூடாகிறது. 20 வோல்ட் கொடுக்கும்போது அந்த இடத்தின் வழியே ஓடுவது 33 ஆம்பியர் என்பதை நினைவில் வையுங்கள்.

பிரைமரிக்கு முன்னால் கெபாசிட்டர் கட்டாயம். பிரைமரியின் தடை சுமார் 0.08 ஓம்தான். ஆம்ப்ளிஃபயரில் 50 மில்லிவோல்ட் டி.சி. கசிந்தாலும் கேபிள் தடையைத் தாண்டி கால் ஆம்பியருக்கு மேல் ஓயாமல் ஓடும். ஃபெரைட்டின் கொள்ளளவில் பாதி அதிலேயே போய்விடும். வெறும் ஒற்றைக் கெபாசிட்டர் ஃபில்டரும் போதாது. அதில் அதிர்வெண் பாதியாகும்போது வோல்டேஜும் பாதியாவதால் கோரின் ஃப்ளக்ஸ் குறைவதே இல்லை. ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபெல் இறங்கும், ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கிராஸ்ஓவரில் ஃப்ளக்ஸ் ஒவ்வோர் ஆக்டேவுக்கும் பாதியாகும்.

சோதனைக்கு, செகண்டரியை அதன் பட்டையிலேயே அகலமான செம்புத் தகட்டால் ஷார்ட் செய்து பிரைமரியில் இண்டக்டன்ஸ் அளக்கும் எல்.சி.ஆர். மீட்டர் வையுங்கள். 10 மைக்ரோஹென்றியும் அதற்குக் கீழும் நல்லது. ஷார்ட்டுக்கு மெல்லிய வயர் போட்டால் அந்த வயரின் இண்டக்டன்ஸ் 178 மடங்காகப் பெருகி மீட்டரில் தெரியும். பிறகு ரிப்பனை மாட்டி, 10 ஓம் ரெசிஸ்டர் தொடராக வைத்து 2, 5, 10, 20 கிலோஹெர்ட்ஸில் இம்பிடன்ஸ் (ஏ.சி.க்கான மொத்தத் தடை) பாருங்கள். 20-ல் 9 ஓமைச் சுற்றி நின்றால் சரி. 11-ஐத் தாண்டினால் முதலில் செம்புப் பட்டையைச் சுருக்குங்கள். 2 கிலோஹெர்ட்ஸிலேயே 8-க்கு நன்றாக மேலே இருந்தால் கவ்வியைக் கழற்றி மறுபடி தேய்க்க வேண்டும். நன்றாகக் கீழே இருந்தால் எங்கோ ஒரு துண்டு மூன்று முறைக்குப் பதில் நான்கு முறை ஓட்டைக்குள் போயிருக்கிறது. மேல் அடுக்கைப் பிரித்து எண்ணுங்கள்.