பழைய பனியனும் பத்து எம்.எம். ஊசியும்

திருப்பூரில் குடியிருந்துகொண்டு, குரோஷே (கொக்கி ஊசியால் போடும் பின்னல்) போடத் தடிமனான நூலைக் காசு கொடுத்து வாங்குவது எனக்கு ஒப்பவே ஒப்பாது. தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி. கட்டிங்கில் விழும் துண்டுகள் மூட்டை மூட்டையாக எடைக்குப் போகின்றன. அது போகட்டும், கழுத்து தொளதொளத்துப்போன டி-ஷர்ட் யார் வீட்டு பீரோவில்தான் இல்லை? கால்மிதி, வெங்காயக் கூடை, தொட்டிக்கு உறை என்று எல்லாமே அதில் பின்னலாம். பின்னலை இரண்டு நாளில் பழகிவிடலாம். துணி பார்த்து எடுக்கத் தெரிவதுதான் பெரிய வேலை.

வேண்டியது சிங்கிள் ஜெர்ஸி, அதாவது சாதாரண டி-ஷர்ட் துணி. முன்பக்கம் சின்னச் சின்ன 'வி' வரிசையாக ஓடும், பின்பக்கம் குட்டி அலை போலத் தெரியும். குறுக்கே ஒரு பட்டை வெட்டி இழுத்துப் பாருங்கள். ஓரம் இரண்டும் தானாகச் சுருண்டு, பட்டை உருண்டையான கயிறாகிவிடும். வெட்டின விளிம்பு உள்ளே போய்விடுவதால் பிசிறு தெரியாது. இன்டர்லாக் துணி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், எவ்வளவு இழுத்தாலும் சுருளாது. கழுத்துப்பட்டி ரிப்பும் அப்படித்தான். லைக்ரா (எலாஸ்டிக் இழை) கலந்தது ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு, பின்னின பிறகு மூலைக்கு மூலை கோணும்.

குறுக்கே வெட்டின ஜெர்ஸி முன்பக்கத்தை உள்ளே வைத்துத்தான் சுருளும். அதனால் டி-ஷர்ட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் மறைந்துவிடும். தேர்தலுக்குக் கொடுத்ததும், கம்பெனி ஆண்டு விழாவுக்குக் கொடுத்ததும் ஒரே மிதியடியில் சண்டையில்லாமல் கிடக்கும். ரப்பர் பிரிண்ட் கனமாக இருந்தால் மட்டும் அந்த இடம் விறைத்து நிற்கும். அதை வெட்டி எறிந்துவிடுவேன்.

வெட்டுகிற விதம் இப்படி. கைக்குக் கீழே நேராக வெட்டி மேல்பகுதியை ஒதுக்கிவிடுங்கள். அடி மடிப்புத் தையலையும் எடுத்துவிடுங்கள். மிச்சம் ஒரு குழாய். அதைத் தரையில் விரித்து, ஒரு பக்க மடிப்பிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் பட்டைகளாக வெட்டிக்கொண்டே போய், எதிர்ப்பக்கம் மூன்று விரல் அகலம் வெட்டாமல் விட வேண்டும். பிறகு அந்த வெட்டாத பகுதியைக் கையில் மாட்டிக்கொண்டு, ஒரு பட்டையின் வெட்டிலிருந்து அடுத்த பட்டையின் வெட்டுக்குச் சாய்வாக வெட்டினால் துண்டுபடாத ஒரே நீளம் கிடைக்கும். சுற்றளவு ஒரு மீட்டர், உயரம் நாற்பது சென்டிமீட்டர் என்றால் பதினாறு மீட்டர். இழுத்துவிட்டால் இன்னும் கூடும். பக்கவாட்டில் தையல் இல்லாத பனியன் கிடைத்தால் விடாதீர்கள். தையல் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் முடிச்சாகத் துருத்தும்.

அடுத்த பட்டையைச் சேர்க்க முடிச்சுப் போட வேண்டாம். இரண்டு முனையிலும் பித்தான் ஓட்டை அளவுக்குக் கீறி, புதுப் பட்டையின் முனையைப் பழையதன் ஓட்டைக்குள் நுழைத்து, புதுப் பட்டையின் மறுமுனையை அதன் சொந்த ஓட்டை வழியாக இழுத்தால் பூட்டிக்கொள்ளும்.

இனி பின்னல். பத்து எம்.எம். ஊசி போதும். இந்தத் தடிமனுக்கு மேஜிக் ரிங் (தொடக்கத்தில் போட்டு இழுத்து இறுக்கும் வளையம்) இறுகாமல் மக்கர் பண்ணும். இரண்டு செயின் (சங்கிலிக் கண்) போட்டு, முதல் செயினிலேயே ஆறு சிங்கிள் குரோஷே (அடிப்படைக் கண்) போடுவதுதான் சுலபம். அடுத்த சுற்றில் 12 கண், அப்புறம் 18, 24, 30 என்று சுற்றுக்கு ஆறு கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஓரம் அலையலையாக எழும்பினால் கண்கள் அதிகம். கிண்ணம் மாதிரி குழிந்தால் குறைவு. கூட்டுகிற இடம் எல்லாச் சுற்றிலும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தால் வட்டம் அறுகோணமாகிவிடும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கூட்டும் இடத்தைத் தள்ளிப் போட்டால் சரியாகிவிடும்.

கூடை வேண்டுமென்றால், போதிய அகலம் வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டியதுதான், சுவர் தானாக எழும்பும். நிறுத்தும் அந்த ஒரு சுற்றை மட்டும் கண்ணின் மேல் இருக்கும் இரண்டு இழைகளில் பின் இழையில் போட்டால் அடி விளிம்பு மடித்துவைத்தாற்போல நிற்கும்.

"ஏனுங்க்கா, கடையில நூறு ரூவாய்க்கு மிதியடி கிடைக்குதுங்களே?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்கிறாள். கிடைக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குரோஷே பின்னலை அப்படியே போட்டுத் தருகிற மெஷின் இந்தப் பனியன் ஊரிலேயே கிடையாது. கையால்தான் போட்டாக வேண்டும். குரோஷே என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு ஒன்றைப் பார்த்தால், யார் கைக்கோ கூலி சரியாகப் போகவில்லை என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

சாயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. மெரூன், கறுப்பு, கருநீலம் இவற்றை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்குமுன், ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அவற்றைத் தனியாகப் பின்னிவிடலாம். அதோடு, குளியலறை வாசலுக்கு இந்த மிதியடி ஆகாது. பருத்தி, அதுவும் இத்தனை தடிமன். ஐப்பசி மழையில் காயவே காயாது, நாற ஆரம்பித்துவிடும். கட்டிலடிக்கும் பூஜையறைக்கும் போடுங்கள். குளியலறைக்கே வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால், பெரிதாக ஒன்று போடாமல் சின்னதாக இரண்டு போட்டு மாற்றி மாற்றிக் காயவைத்துக்கொள்ளலாம்.