கதை நோட்டு: மகள் சொல்ல, நான் எழுதிய அனுபவம்

ஐந்து வயதை நெருங்கும் என் மகளுக்கு எழுத்தறிவைக் கதையின் வழியாகவே தொடங்கிவைக்க முடியுமா என்று கடந்த விஜயதசமி முதல் வீட்டில் முயன்று வருகிறேன். அன்று தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் அவளுடைய தாத்தா விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்தார். அதற்குப் பின் நான் கையில் எடுத்தது கோடு போடாத ஒரு நோட்டு. அவள் கதை சொல்வாள்; சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்; முடிந்ததும் இருவரும் சேர்ந்து வாசிப்போம். முறை புதியதன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பள்ளியில் மழலையர் ஆசிரியையாக இருந்த விவியன் பேலி, பிள்ளைகள் சொல்லும் கதைகளைத் தம் கையால் எழுதி, அவற்றை அவர்களையே வகுப்பில் நடிக்கவும் வைத்தார். அதை ஒரே ஒரு பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஏற்பச் சுருக்கிக்கொண்டேன்.

கதையைக் கேட்கும் விதத்தில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். படப்புத்தகம் வாசிக்கும்போது இடையிடையே ‘என்ன நடக்கிறது?’, ‘ஏன்?’ என்று கேட்டு, பிள்ளையின் விடையைப் பெற்றோர் சற்று விரித்துச் சொன்னால் பேச்சுத்திறன் வளர்கிறது என்பதை 1988இல் வெளியான வைட்ஹர்ஸ்ட் குழுவினரின் ஆய்வு காட்டியது. அச்சிட்ட புத்தகத்துக்கு இது மிகவும் பொருந்துகிறது. பிள்ளை தானாகக் கதை கட்டும் நேரத்திலோ கேள்விகள் அவளை விடை சொல்பவளாக மாற்றிவிடுகின்றன, கதை நின்றுபோகிறது. அப்போது வேண்டியது அவளுடைய அப்பத்தா செய்வதைப் போல ‘ம்’ கொட்டுவது மட்டுமே. “ஒரு ஊர்ல ஒரு யானை இருந்துச்சாம். அதுக்கு ரொம்பப் பசிச்சுச்சாம். கடைக்குப் போச்சாம். இட்லி தீந்துபோச்சுன்னு கடைக்காரர் சொன்னாராம்.” ஒவ்வொரு ‘ம்’முக்கும் ஒரு வாக்கியம் வந்தது. பள்ளியில் நடந்ததைச் சொல்லும்போது அவள் இந்த ‘ஆம்’ போடுவதில்லை. கதைக்கென்று தனிப் பேச்சு உண்டு என்பதை எழுத்து தெரியுமுன்பே, அப்பத்தா சொன்ன கதைகளிலிருந்தே பிடித்துக்கொண்டிருக்கிறாள். எழுத்தறிவின் முதல் படியாக நான் கருதுவது இதைத்தான்.

அவள் சொன்னதை ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதுவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தேன். ‘இருந்துச்சாம்’ என்பதை ‘இருந்ததாம்’ என்று திருத்தி எழுதினால், வாசிக்கும்போது அவள் வாய் ஒன்றைச் சொல்லும், விரலுக்குக் கீழே வேறொன்று இருக்கும். மாற்றாமல் எழுதியதால், எழுத்தே தெரியாத நாளிலும் தன் கதையைச் சொல் சொல்லாக விரல் வைத்து ‘வாசிக்க’ அவளால் முடிந்தது. என் கை மெதுவாக எழுதுவதும் நன்மையாயிற்று. “கொஞ்சம் இரு, பசிச்சுச்சாம் எழுதிக்கிறேன்” என்றால், பேனா நகர்வதைப் பார்த்தபடி காத்திருப்பாள், “இவ்ளோ நீளமா?” என்று ஒருநாள் கேட்டாள். பேச்சு சொற்களாகப் பிரிகிறது என்பதும், ஒவ்வொரு சொல்லும் தாளில் இடம் பிடிக்கிறது என்பதும் அப்படித்தான் அவளுக்குப் புலப்பட்டன. அச்சுப் புத்தகங்களை மட்டும் எழுத்துத் தமிழிலேயே வாசித்துக் காட்டுகிறேன். சில மாதங்களில் அவள் கதைகளில் ‘அப்போது’, ‘சென்றது’ போன்றவை தாமாகவே தலைகாட்டத் தொடங்கின.

எழுதும் ஆசை வந்த பிறகு சிலேட்டும் பல்பமும் வாங்கினேன். ‘அ’வின் சுழி சிறு விரல்களுக்குக் கடினம் என்பதால், கோடுகளால் ஆன ட, ப ஆகியவற்றில் தொடங்கி, ‘ம’வையும் புள்ளியையும் சேர்த்துக்கொண்டோம். இவ்வளவு தெரிந்தாலே படம், பட்டம், மடம், மட்டம் எல்லாம் எழுதிவிடலாம். அண்மையில் அவள் தானாக எழுதுபவை ‘யான’, ‘பூன’, ‘மழ’ என்று வருகின்றன. சொல்லின் கடைசியில் வரும் ஐகாரம் பேச்சில் அகரமாகக் குறுகித்தான் நம் காதில் விழுகிறது. அவள் கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறாள். இதைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டியதில்லை என்று உறுதியாக நினைக்கிறேன். ஒலியைப் பிரித்து எழுத்தில் ஏற்றும் திறன் வந்துவிட்டதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. சரியான வடிவத்தைப் புத்தகத்தில் சேர்ந்து பார்க்கிறோம், அவ்வளவுதான்.

ஒலியில் பின்னால் வரும் ஐகாரத்துக்கு உரிய குறி எழுத்தில் முன்னால் நிற்பது அவளுக்குப் பெரும் வியப்பு. என் அம்மா தம் பள்ளிக் காலத்துப் புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு இருந்த பழைய வடிவம் அதில் இருந்தது. தும்பிக்கைபோல வளைந்த அந்த ‘னை’யைப் பார்த்ததும், தன் யானைக் கதைக்கு அதுதான் வேண்டும் என்று சொல்லி, அவளே நோட்டில் வரைந்துகொண்டாள்.

இப்போது பக்கத்தின் மேல்பாதியை நான் எழுத, கீழ்ப்பாதியில் தனக்குப் பிடித்த ஒரு சொல்லையாவது அவள் எழுதுகிறாள். நடித்துப் பார்க்கும் பகுதிதான் ஆள் குறைவால் இன்னும் சரியாக நடக்கவில்லை. காலாண்டு விடுமுறைக்கு அண்ணன் பிள்ளைகள் வரவிருக்கிறார்கள். இட்லிக் கடைக் கதையில் யார் யானை, யார் கடைக்காரர் என்பதைக் கதை சொன்னவளே தீர்மானிக்க வேண்டும் என்று அவர்களிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.