கம்பி தெரியாத கரை

போன வாரம் அப்பாவை ஹார்ஸ்ஷூ பாயிண்டுக்குக் கூட்டிப் போனேன். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், கிரிம்ஸ்பி ஊருக்குத் தெற்கே, சேறும் உப்புப் புல்லுமாகக் கிடக்கும் கடற்கரை. ஆரல்வாய்மொழியில் முப்பது வருடம் லைன்மேனாக இருந்தவர், நாலாபக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன மக்களே, ஒரு கம்பியக்கூடக் காணல?"

கம்பி எங்கள் காலுக்கடியில் போகிறது. ஹார்ன்சீ 1 காற்றாலைகளின் மின்சாரம் கரையேறும் இடம் இது. 174 காற்றாலைகள், 1,218 மெகாவாட், எல்லாம் 120 கி.மீ. தள்ளி நடுக்கடலில்.

டவர் லைனில் கம்பியைச் சுற்றிக் காற்று. கேபிளிலோ உள்கம்பிக்கும் வெளியுறைக்கும் நடுவே மெல்லிய இன்சுலேஷன்தான். அதனால் கேபிள் முழுக்க ஒரு நீளமான கெபாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் தொட்டி மாதிரி. திசை மாறிக்கொண்டே இருக்கும் ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை அதை நிரப்பிக் காலி செய்ய வேண்டும். நீளம் கூடக்கூட, கேபிள் தாங்கும் மின்னோட்டத்தில் பெரும்பங்கு இதற்கே போய்விடும்.

"கடைமடைக்குப் போறதுக்குள்ள வாய்க்காலே குடிச்சிரும், அதானே?" என்றார் அப்பா. அதேதான். அதைச் சரிக்கட்டத்தான் கேபிள் வரும் வழியில், கடலுக்குள்ளேயே, ரியாக்டர்களுக்கென்று (அணு உலை இல்லை, கெபாசிட்டர் விளைவை ஈடுகட்டும் பெரிய கம்பிச்சுருள்கள்) தனியாக ஒரு மேடை கட்டினார்கள். இவ்வளவு தூரத்துக்கு, திசை மாறாததால் இந்தத் தொல்லை இல்லாத டிசிதான் வழக்கம். இதே கடலில் உள்ள டாகர் பேங்க் காற்றாலைகளில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

அப்புறம் 2019 ஆகஸ்ட் 9 கதையைச் சொன்னேன். மாலை 4:52. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு லைனில் மின்னல். லைன் டிரிப் ஆகி உடனே திரும்பிவிட்டது. ஆனால் அந்தச் சின்ன வோல்டேஜ் அசைவுக்கே ஹார்ன்சீயின் கட்டுப்பாட்டு மென்பொருள் ஆட்டம் கண்டு, கண் இமைக்கும் நேரத்தில் 737 மெகாவாட் போய்விட்டது. கூடவே ஓர் எரிவாயு மின்நிலையமும் விழ, 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய ஃப்ரீக்வென்சி 48.8-க்கு இறங்கியது. பத்து லட்சம் பேருக்கு மேல் கரண்ட் இல்லை. மறுநாளே மென்பொருளை மாற்றினார்கள்.

காற்றாலை சுற்றுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். எனக்குப் பயம் எப்போதும் இந்த இணைப்பின் மேல்தான். 2024-ல் நம் தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் காற்றாலைகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது, எந்த சப்ஸ்டேஷனில் கொண்டுவந்து சேர்க்கப் போகிறார்கள் என்பதைத்தான் முதலில் தேடினேன்.

அப்பாவும் அதைத்தான் கேட்டார். "ஆடிக் காத்துல நம்ம லைனே திணறும். இத எங்க கொண்டு சேப்பாங்க?"

"ஆவரைகுளத்துல புது சப்ஸ்டேஷன் திட்டம் இருக்குப்பா."

"ஆவரைகுளமா?" குனிந்து, ஒரு குச்சியை எடுத்து, சேற்றில் பணகுடி ரோட்டை வரைய ஆரம்பித்தார்.