யூனியன் வென்ற பிறகு கம்பனி கோர்ட்டுக்குப் போனால்

கனடாவின் ரொறன்ரோவில், ஸ்காபரோவில் உணவு பொதிசெய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். பெயர் வேண்டாம். அங்கே யூனியன் கொண்டுவந்தோம். கம்பனி அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. இப்போது வேறு தொழிற்சாலைகளில் இதைத் தொடங்கியிருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது அந்தக் கோர்ட் கட்டத்தைப் பற்றித்தான்.

முதல் கட்டம் வேகமாக முடிந்துவிடும். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் ஊழியர்களில் 40 சதவீதம் பேராவது யூனியனில் சேரும் கார்டில் கையெழுத்து வைத்திருந்தால் தொழிலுறவுகள் சபை வாக்கெடுப்பு வைக்கும். அந்தச் சபையை நாங்கள் லேபர் போர்ட் என்போம். விண்ணப்பித்து வழக்கமாக 5 வேலை நாட்களுக்குள் இரகசிய வாக்கெடுப்பு. போட்ட வாக்குகளில் பாதிக்கு மேல் ஆதரவாக இருந்தால் யூனியன் வந்துவிடும். கார்டுகள் போர்டுக்கு மட்டும்தான் போகும், கம்பனியின் கண்ணில் படாது. இதை எங்கள் ஆட்களுக்கு நம்பவைப்பதற்குள் வாய் நொந்துபோனது.

சிக்கல் ஏஜென்சி ஆட்களால், அதாவது வேறொரு ஆள்பிடி நிறுவனம் எங்களிடம் வேலைக்கு அனுப்பும் ஆட்களால் வந்தது. எங்கள் லைனில் பெரும்பகுதி அவர்கள்தான். அவர்களுக்குச் சம்பளம் போடுவது ஏஜென்சி, எனவே அவர்கள் எங்கள் ஊழியர்களே இல்லை என்றது கம்பனி. வாக்கெடுப்பு நடந்தது, ஆனால் அவர்களுடைய வாக்குகளைத் தனியே பிரித்து வைத்து, முடிவை அறிவிக்காமல் நிறுத்தினார்கள். அவர்களின் உண்மையான முதலாளி யார் என்று போர்ட் விசாரிக்க வேண்டியதாயிற்று.

என்னைக் கேட்டால் முழு வழக்கும் வென்றது அந்த விசாரணையில்தான். ஆட்களை யார் தெரிவுசெய்கிறார், யார் வேலை பழக்குகிறார், ஷிஃப்ட் போடுவது யார், பிழை விட்டால் ஏசுவது யார், நாளைக்கு வராதே என்று சொல்வது யார் என்று ஒவ்வொன்றாகத் துருவினார்கள். எங்கள் சுப்பர்வைசர் ஏஜென்சிப் பொடியளுக்கு நேரடியாக அனுப்பிய டெக்ஸ்ட் மெசேஜ்களைச் சிலர் அழிக்காமல் வைத்திருந்தார்கள். ஓவர்டைம் வா, இன்றைக்கு வேண்டாம், தொப்பி போடாமல் லைனில் நிற்காதே என்று எல்லாம் அதில் இருந்தது. நானும் சாட்சி சொன்னேன். நீ யூனியனுக்கு ஆதரவா என்று சாட்சியைக் கேட்க முடியாது. சட்டம் அதைப் பாதுகாக்கிறது. தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது, வாக்குகளை எண்ணினார்கள், யூனியனை அங்கீகரிக்கும் சான்றிதழும் கிடைத்தது.

கம்பனி முதலில் மறுபரிசீலனை கேட்டது. போர்ட் மறுத்தது. அப்புறம்தான் போர்டின் தீர்ப்பு சரியா என்று பார்க்கச் சொல்லி நீதிமன்றத்தில் நீதி மீளாய்வு மனு போட்டார்கள். அன்றைக்கு லஞ்ச் ரூமில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான்: “அண்ணை, வென்றிட்டம் எண்டுதானே சொன்னனீங்கள்? இப்ப திரும்பவும் முதலிலயிருந்தோ?”

இல்லை. பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். ஒன்ராறியோ தொழிலுறவுச் சட்டத்தின் 116ஆம் பிரிவு போர்டின் தீர்மானத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்கக்கூடாது என்கிறது. அப்படி இருந்தும் அரசியலமைப்பின்படி மேல்நிலை நீதிமன்றங்களின் மேற்பார்வை அதிகாரத்தை ஒரு மாகாணச் சட்டத்தால் முழுதாகப் பறிக்க முடியாது. ஆகவே இப்படியான மனுக்களைக் கேட்கும் டிவிஷனல் கோர்ட்டுக்குப் போகலாம், 30 நாளுக்குள் போக வேண்டும். ஆனால் அங்கே நீதிபதிகள் வழக்கைப் புதிதாக விசாரிப்பதில்லை. அவர்களாக இருந்தால் என்ன தீர்ப்புக் கொடுத்திருப்பார்கள் என்பதும் கேள்வி இல்லை. 2019 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் கொடுத்த வவிலோவ் தீர்ப்பின்படி, போர்ட் சொன்ன காரணங்கள் சட்டத்தோடும் சாட்சியத்தோடும் பொருந்தி நிற்கின்றனவா என்று பார்ப்பார்கள். நின்றால் கை வைக்கமாட்டார்கள். ஏஜென்சி விஷயத்தில் 1997இலேயே கியூபெக்கின் பொயின்ட்-கிளெயார் நகரசபை வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தொழில் நீதிமன்றத்தின் முடிவை விட்டுவைத்தது. எங்கள் லோயர் அதைக் கையில் வைத்திருந்தார்.

மனு போட்டதால் மட்டும் சான்றிதழ் நின்றுவிடாது. தடை வேண்டுமென்றால் கம்பனி தனியாகக் கேட்க வேண்டும். கேட்டார்கள், கிடைக்கவில்லை. உடனே யூனியன் பேச்சுவார்த்தை அறிவித்தல் கொடுத்தது. கொடுத்தால் 15 நாளுக்குள் சந்திக்க வேண்டும் என்பது சட்டம். வந்தார்கள்தான், வந்து கோர்ட் முடியட்டும் என்று இழுத்தார்கள். இழுப்பதற்குக் காரணம் இருந்தது. சான்றிதழ் கிடைத்து ஒரு வருடத்துக்குள் ஒப்பந்தம் ஆகாவிட்டால், யூனியனை நீக்கச் சொல்லி ஊழியர்களே விண்ணப்பிக்கலாம். ஏஜென்சி ஆட்கள் அடிக்கடி மாறும் இடத்தில் ஒரு வருடத்தில் வாக்களித்தவர்களில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? அதனால் யூனியன் காலம் தாழ்த்தாமல் சமரச அதிகாரியை நியமிக்கக் கேட்டது. நியமித்தால் யூனியனை நீக்கக் கேட்கும் அந்த வழி கொஞ்சக் காலத்துக்கு அடைபடும். உங்கள் பிரதிநிதியிடம் இதை மறக்காமல் கேளுங்கள்.

வழக்கு ரொறன்ரோ ஒஸ்குட் ஹோலில் நடந்தது. மாடுகள் உள்ளே நுழையாமல் தடுக்கத்தான் அந்த ஒடுங்கிய இரும்பு வாசல்கள் வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஷிஃப்ட் முடித்து நித்திரையில்லாமல் போன எங்களுக்கு அதில் நுழைவதே சிரிப்பாக இருந்தது. மூன்று நீதிபதிகள். சாட்சி யாரும் இல்லை, லோயர்மார் மட்டும் பேசினார்கள், போர்டுக்கும் தனியாக ஒரு லோயர் வந்திருந்தார். கம்பனி ஏஜென்சி ஆள் ஒருவரின் புதிய சத்தியக்கூற்றைச் சேர்க்கப் பார்த்தது. போர்டுக்கு முன் வைக்காததை இங்கே வைக்க முடியாது என்று நீதிபதிகள் ஏற்கவில்லை. பிறகு கேள்வியெல்லாம் தீர்ப்பின் பந்திகளைப் பற்றியே இருந்தது. எந்தப் பந்தியில் தர்க்கம் உடைகிறது என்று கேட்டபோது கம்பனியின் லோயர் திரும்பத் திரும்பச் சம்பளச் சீட்டுக்கே போனார். டெக்ஸ்ட் மெசேஜ்களைப் பற்றி போர்ட் எழுதிய பகுதிக்கு அவரிடம் பதில் இருக்கவில்லை.

மனு தள்ளுபடியானது. செலவுத்தொகையின் ஒரு பகுதியையும் கம்பனியே கட்ட வேண்டி வந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் போவதானால் முதலில் அனுமதி எடுக்க வேண்டும். அவர்கள் கேட்கவில்லை. அடுத்த பேச்சுவார்த்தைக்குக் கம்பனி முதன்முறையாகச் சம்பள அட்டவணையோடு வந்தது. ஏஜென்சி ஆட்களை எப்போது நிரந்தரமாக்குவது என்பதில்தான் இரு தரப்பும் அதிக நேரம் மல்லுக்கட்டினோம்.