கிளிக் செய்தவர்கள் எந்த ஊர்?

கிளையண்ட் மீட்டிங்கில் ஜூனியரின் வேலை லேப்டாப்பைத் திறந்து ரிப்போர்ட்டைக் காட்டுவது மட்டும்தான், பேசுவது மேனேஜர். எங்களுடையதைப் போன்ற சின்ன நகரத்து விளம்பர ஏஜென்சிகளில் யாரும் இதைச் சொல்லித் தர மாட்டார்கள், நாமாகவே புரிந்துகொள்வோம். அன்றைக்கு, நாங்கள் கூகுளில் விளம்பரம் செய்து கொடுத்த ஒரு கண் மருத்துவமனையின் டாக்டர் மேனேஜரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “தம்பி, கிளிக் பண்ணினவங்க எல்லாரும் நம்ம ஊர்க்காரங்கதானே?”

“இல்ல டாக்டர், பாதிக்கு மேல வெளியூர்.”

நடந்தது அவ்வளவுதான். “அப்போ அதையெல்லாம் நிறுத்திடுங்க” என்றார் டாக்டர். மேனேஜர் ஏதோ விளக்க ஆரம்பித்தார், ஆனால் என் பதிலுக்குப் பிறகு வந்ததாலேயே அது சமாளிப்பு மாதிரி கேட்டது.

கூகுள் விளம்பரத்தில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை மாற்றாமல் விட்டால், விளம்பரம் அந்த ஊரில் இருப்பவர்களோடு நிற்காது, அந்த ஊரில் ஆர்வம் காட்டித் தேடுகிறவர்களுக்கும் போகும். பிழைப்புக்காகப் பிள்ளைகள் வெளியேறிவிட்ட ஊர்களில் இந்த இரண்டாவது கூட்டம் சின்னது இல்லை. மேனேஜருக்கு இது நன்றாகவே தெரியும். அந்த விளம்பரச் சேவையின் பெயர் 2018-லேயே கூகுள் ஆட்ஸ் என்று மாறிவிட்டாலும் இன்னும் பழைய பெயரில் ஆட்வேர்ட்ஸ் என்றே சொல்கிற ஆள் அவர், எனக்கு முன்னாலிருந்தே இந்த வேலையில் இருக்கிறவர். வெளியே வந்ததும், “அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன்னா எந்த ஆஸ்பத்திரின்னு தேடிப் பாத்து முடிவு பண்றது வெளியூர்ல இருக்கிற பொண்ணுதான். அதை நீ சொல்லலையே” என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. பணம் கட்டுகிறவர் நேராகக் கேட்கும்போது மழுப்ப முடியாது. அந்த ஊர்க்கணக்கு முதல் ரிப்போர்ட்டிலேயே இருந்திருந்தால் கேள்வியே வந்திருக்காது, சேர்க்கலாமா என்று நான் கேட்டபோது “எதுக்குக் குழப்பணும்” என்று தள்ளி வைத்ததும் மேனேஜர்தான். இதையெல்லாம் நினைக்கும்போது மனசு சமாதானமாகிவிடுகிறது. அப்புறம் அந்த வெளியூர்ப் பெண் நினைவுக்கு வருகிறாள். நிஜமாகவே அப்படி ஒருத்தி தேடியிருந்தால், என் பதில் அவளை வீண் செலவுக் கணக்கில் தள்ளிவிட்டது. உண்மைதான், ஆனால் டாக்டர் முடிவெடுக்க அந்த ஒரு வரி போதுமா?

இன்னொன்றும் உறுத்துகிறது. ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதை ஐபி முகவரி (இணைய இணைப்புக்குரிய எண்), ஜிபிஎஸ், வைஃபை என்று பலதையும் வைத்துத்தான் கூகுள் கணிக்கிறது. ஐபி முகவரியை மட்டும் நம்பும்போது, சின்ன ஊரில் இருப்பவரை இணைய நிறுவனத்தின் பெரிய நகரத்துக் கணக்கில் காட்டிவிடுவதும் உண்டு. நான் அவ்வளவு உறுதியாகச் சொன்ன வெளியூர்க்காரர்களில் சிலர் மருத்துவமனைக்கு நாலு தெரு தள்ளியே இருந்திருக்கலாம்.

டாக்டர் சொன்னபடி ஊருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றினோம். கிளிக் குறைந்தது, அது எதிர்பார்த்ததுதான். நோயாளிகள் குறைந்தார்களா என்பது தெரியவில்லை, ஏனென்றால் ரிசப்ஷனில் போன் எடுப்பவர்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள், யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று விசாரிப்பதில்லை. விசாரித்துக் குறித்து வைக்கச் சொல்லலாம், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கென்று கொஞ்சம் பட்ஜெட்டில் தனியாக ஒரு கேம்பெயின் ஓட்டிப் பார்க்கலாம் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்க்கலாம் என்றார். அடுத்த மாத ரிப்போர்ட்டை அவரே தனியாகப் போய்க் காட்டிவிட்டு வந்தார், அதில் ஊர்க்கணக்கைச் சேர்த்திருந்தாரா என்று நான் கேட்கவில்லை.