எந்த டிரைவை எந்தப் போர்ட்டில் செருகுவது?

மதர்போர்டில் இருக்கிற சாட்டா போர்ட்டுகள் (டிரைவின் கேபிளைச் செருகும் முனைகள்) எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். சிறிய பட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட்டுகளும் அப்படித்தான். ஆனால் ஒவ்வொன்றின் பின்னாலும் போகிற பாதை வேறு. சில நேராக பிராசஸருக்குப் போகும், சில சிப்செட் (மற்ற பாகங்களை பிராசஸரோடு இணைக்கும் சிப்) வழியாகச் சுற்றிப் போகும், சில போர்டில் தனியாக ஒட்டியிருக்கும் கன்ட்ரோலர் சிப்பில் முடியும். இதைப் பார்க்காமல் செருகினால் வேகமான எஸ்எஸ்டி பாதி வேகத்தில் ஓடும், அல்லது புதிய எஸ்எஸ்டியைப் போட்ட கையோடு பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போகும். அதனால் டிரைவை வாங்குவதற்கு முன்பே உங்கள் போர்டின் மேனுவலை தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி, ஸ்டோரேஜ் பகுதியையும் அதன் அடிக்குறிப்புகளையும் படித்துவிடுங்கள். முக்கியமான விஷயம் எல்லாம் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

முதலில் வேகக் கணக்கு. சாட்டா 3 நொடிக்கு 6 ஜிகாபிட். குறியீட்டுக்கான செலவு போக மிஞ்சுவது 600 எம்பி, நடைமுறையில் 550 எம்பி வரை கிடைக்கும். சாட்டா 2 அதில் பாதி. பிசிஐஇ என்பது போர்டின் அதிவேக இணைப்பு முறை, லேன் என்பது அதில் தரவு போகும் ஒரு பாதை, 3.0, 4.0 என்பவை அதன் தலைமுறைகள். எம்.2 ஸ்லாட்டில் பிசிஐஇ 3.0 நான்கு லேன் என்றால் சுமார் 3500 எம்பி, 4.0 என்றால் 7000 எம்பிக்குச் சற்று மேல், 5.0 என்றால் 14000 எம்பி அளவில். 7200 சுழற்சி ஹார்ட் டிஸ்க் ஒன்று தொடர்ச்சியாகப் படிக்கும்போது பெரும்பாலும் 150 முதல் 280 எம்பிக்குள்தான் தரும்.

ஆகவே ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். எந்த சாட்டா போர்ட்டும் அதற்குப் போதும். பழைய போர்டில் சாட்டா 2, சாட்டா 3 இரண்டும் கலந்திருந்தால் 3-ஐ எஸ்எஸ்டிக்கு ஒதுக்கி, 2-ல் ஹார்ட் டிஸ்க்கை மாட்டுங்கள். இன்டெல் 6 வரிசை சிப்செட் போர்டுகளில் பி67, எச்67 போன்றவற்றில் சிப்செட் தரும் ஆறு போர்ட்டுகளில் இரண்டு மட்டுமே 6 ஜிகாபிட். அந்த வரிசையின் ஆரம்பகால சிப்களில் 3 ஜிகாபிட் போர்ட்டுகள் நாளாக ஆக நலிந்துபோகும் குறை இருந்ததால் இன்டெல் 2011-ல் அவற்றைத் திரும்பப் பெற்றது. பழைய போர்டு ஒன்று கைக்கு வந்தால் அது திருத்தப்பட்ட பி3 பதிப்புதானா என்று பாருங்கள். இன்னொன்று: சில போர்டுகளில் 'சாட்டா3_1' என்று அச்சிட்டிருப்பார்கள். சாட்டா 3 தலைமுறையில் முதல் போர்ட் என்று அதற்குப் பொருள். மூன்றாவது போர்ட் என்று எடுத்துக்கொண்டு கேபிளை மாற்றி மாட்டுகிறவர்கள் நிறைய.

எம்.2-தான் அதிகம் குழப்புவது. எம்.2 என்பது வெறும் வடிவம். அதே வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டியும் வரும், பிசிஐஇ லேனில் ஓடும் என்விஎம்இ எஸ்எஸ்டியும் வரும். தங்க முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் நான்கு லேன் என்விஎம்இ. ஆனால் இரண்டு வெட்டோடு இரண்டு லேனில் ஓடும் என்விஎம்இ டிரைவுகளும் உண்டு. வெட்டை மட்டும் நம்பாமல் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். இப்போதைய போர்டுகளில் பல ஸ்லாட்டுகள் என்விஎம்இயை மட்டுமே ஏற்கும். சாட்டா வகை எம்.2 அதில் கச்சிதமாகப் பொருந்தும், ஸ்க்ரூவும் விழும், பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) மட்டும் வரவே வராது. டிரைவ் செத்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்படுகிறவற்றில் சில இந்த வகைதான்.

சிஸ்டம் டிரைவை பிராசஸரோடு நேரடியாக இணைந்த ஸ்லாட்டில் போடுங்கள். பொதுவாக அது சாக்கெட்டுக்கு மிக அருகில் இருப்பது, ஆனாலும் மேனுவலில் உறுதி செய்துகொள்ளுங்கள். எந்த பிராசஸர் என்பதும் இதில் சேர்த்தி. இன்டெல் 500 வரிசை போர்டில் 10-ம் தலைமுறை பிராசஸரைப் போட்டால் முதல் எம்.2 ஸ்லாட் வேலை செய்யாது, ஏனென்றால் எஸ்எஸ்டிக்கென்று தனி லேன்கள் 11-ம் தலைமுறையில்தான் வந்தன. ஏஎம்டி பி550 போர்டில் ரைசன் 5600ஜி போட்டால் அதே முதல் ஸ்லாட் 3.0 வேகத்தில்தான் ஓடும், 4.0 எஸ்எஸ்டிக்குக் கொடுத்த கூடுதல் காசு வீண். பி450 சிப்செட் தருவது 2.0 லேன்கள், அங்கிருந்து வரும் ஸ்லாட்டில் வேகமான எஸ்எஸ்டி போடுவதில் பயனில்லை.

சிப்செட்டின் கீழ் இருக்கும் எல்லாமே, அதாவது இரண்டாவது மூன்றாவது எம்.2, சாட்டா, யுஎஸ்பி, நெட்வொர்க் எல்லாம், பிராசஸருக்குப் போகும் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. பி550-ல் அந்த இணைப்பு 3.0 நான்கு லேன், அதாவது ஒரு என்விஎம்இயே நிரப்பிவிடும் அளவு. அதற்காகப் பயப்பட வேண்டாம். படிப்பதும் எழுதுவதும் எதிரெதிர் திசையில் தனித்தனியாகப் போவதால் ஒரு எஸ்எஸ்டியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும்போது பெரிதாக இடிக்காது. இரண்டையும் சேர்த்து ரெய்டு 0 (வேகத்துக்காக டிரைவுகளை ஒன்றாக இணைக்கும் முறை) செய்தால்தான் வேகம் ஏறவே ஏறாது.

இப்போது அந்தக் காணாமல் போகும் ஹார்ட் டிஸ்க். சிப்செட்டில் லேன்கள் போதாததால் ஒரே லேனை இரண்டு இடத்துக்கு இழுத்திருப்பார்கள். இரண்டாவது எம்.2-ல் டிரைவ் போட்டால் 5, 6-ம் எண் சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும் என்பது பல போர்டுகளில் உள்ள ஏற்பாடு. சில போர்டுகளில் சாட்டா வகை எம்.2 போட்டால் ஒரு போர்ட் மட்டும் போகும், என்விஎம்இ போட்டால் இரண்டும் போகும். வேறு சிலவற்றில் 5.0 எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் கிராபிக்ஸ் கார்டின் 16 லேன் எட்டாகக் குறையும். இன்றைய பெரும்பாலான கார்டுகளுக்கு அதனால் விளையாட்டில் வேகம் பெரிதாகக் குறையாது என்றாலும், வேறு ஸ்லாட் காலியாக இருக்கும்போது அந்த இழப்பு தேவையில்லை.

போர்ட் போதவில்லை என்றால் பிசிஐஇ சாட்டா கார்டு வாங்கலாம். ஏஎஸ்எம்1061 சிப் உள்ள இரண்டு போர்ட் கார்டு ஒரே 2.0 லேனில் ஓடும், இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்குச் சரி, எஸ்எஸ்டிக்குப் போதாது. ஐந்து ஆறு டிஸ்க் வேண்டுமென்றால் ஜேஎம்பி585 அல்லது ஏஎஸ்எம்1166 உள்ளதைத் தேடுங்கள். எட்டுப் பத்து போர்ட் தரும் மலிவான கார்டுகளில் பல, ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் போர்ட் மல்டிப்ளையரை ஒளித்து வைத்திருக்கும். ஒரு டிஸ்க் தடுமாறினால் அதனோடு சேர்ந்த மற்றவையும் விழும், ரெய்டு வைத்திருப்பவருக்கு இது பேராபத்து. நான்கு எம்.2 தாங்கும், சொந்தமாகப் பிரிப்பு சிப் இல்லாத பெரிய கார்டை நீளமான ஸ்லாட்டில் போடுகிறீர்களா? அந்த ஸ்லாட்டை நான்கு நான்கு லேனாகப் பிரிக்கும் பைஃபர்கேஷன் பயாஸில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே ஒரு டிரைவ்தான் தெரியும்.

மின்சாரப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, டிரைவுகள் நிரந்தரமாகச் சாவது இங்கேதான். மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டும்) பவர் சப்ளையின் கேபிள்களை வேறு பவர் சப்ளையில் ஒருபோதும் செருகாதீர்கள். முனை பொருந்தும், பின் வரிசை மாறியிருக்கும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் அந்தக் கேபிளில் இருக்கும் டிரைவ்கள் மொத்தமும் போய்விடும். ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும், சாட்டா பவர் முனை தாங்குவது 4.5 ஆம்பியர். ஒரே முனையிலிருந்து பிரிப்பான் போட்டு நாலைந்து டிஸ்க்குக்கு இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். மோலெக்ஸிலிருந்து (பழைய நான்கு பின் பவர் முனை) சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் வாங்கினால் வார்ப்பு முனை கொண்டதைத் தவிர்த்து, கம்பிகள் தனித்தனியாகக் கிரிம்ப் செய்யப்பட்டதை (உலோக முனையில் அழுத்திப் பொருத்தியதை) வாங்குங்கள். வார்ப்பு வகை உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. புத்தம் புதிய பெரிய ஹார்ட் டிஸ்க் சுழலவே இல்லையா? சில டிஸ்க்குகளில் பவர் முனையின் மூன்றாவது பின்னுக்கு 3.3 வோல்ட் வந்தால் அதை 'அணைந்திரு' என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளும். மோலெக்ஸ் வழியாக மின்சாரம் கொடுத்தால் எழுந்துவிடும், அந்தக் கம்பியில் 3.3 வோல்ட் கிடையாது.

எம்.2-ஐச் சுமார் 30 டிகிரி சாய்வில் முழுதாகச் செருகிய பிறகு அழுத்தி ஸ்க்ரூ போடுங்கள். ஸ்க்ரூ இறங்கும் குட்டித் தூணான ஸ்டாண்ட்ஆஃப், டிரைவின் நீளத்துக்குரிய துளையில் இருக்கட்டும், பெரும்பாலானவை 80 மில்லிமீட்டர். ஹீட்சிங்க் பேடின் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள்.

விண்டோஸ் நிறுவும்போது மற்ற டிரைவ்களைக் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் பூட் பார்ட்டிஷன் (கணினி எழத் தேவையான கோப்புகள் இருக்கும் பகுதி) வேறொரு டிஸ்க்கில் போய் உட்காரலாம், பின்னாளில் அந்த டிஸ்க்கைக் கழற்றினால் சிஸ்டம் எழாது. இன்டெல் 11-ம் தலைமுறை முதல் சில சிஸ்டங்களில் நிறுவும்போது என்விஎம்இ தெரியாது. பயாஸில் விஎம்டியை (என்விஎம்இ டிரைவுகளை நிர்வகிக்கும் இன்டெல் அமைப்பு) அணையுங்கள், அல்லது அதற்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை பென்டிரைவில் வைத்து அங்கேயே ஏற்றுங்கள். எந்த அமைப்பில் நிறுவினீர்களோ அதைக் குறித்து வைப்பது நல்லது. பயாஸ் அப்டேட் செய்யும்போது அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால், நீலத் திரை வரலாம்.

எல்லாம் முடிந்ததும் டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைத் திறந்து 'டிரான்ஸ்ஃபர் மோட்' வரியைப் பாருங்கள். இடப்பக்கம் இப்போது ஓடும் வேகம், வலப்பக்கம் டிரைவால் முடிந்த வேகம். இரண்டும் வேறாக இருந்தால் ஸ்லாட்டை மாற்றுங்கள். சாட்டா டிரைவில் சி7 என்ற எண்ணுக்கு எதிரே உள்ள சிஆர்சி பிழைக் கணக்கையும் (கேபிளில் தரவு சிதைந்த தடவைகள்) குறித்துக்கொண்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். கூடியிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளை. கேபிளை மாற்றிய பிறகும் அந்த எண் குறையாது, அப்படியே நின்றாலே போதும்.