கணக்கு வகுப்பில் கள்ளத்தராசு: விசுவாசத்தைக் கேள்வியாகக் கேட்பது பற்றி

பெங்களூரில் கிறிஸ்தவச் சபைகள் நடத்தும் பள்ளிகளில் புதிதாக வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் முதல் மாதமே ஒரு சந்தேகத்தோடு வருவார்கள். "அக்கா, பாடத்தோட விசுவாசத்தையும் சேர்த்து நடத்தணும்னு மேனேஜ்மென்ட்ல சொல்றாங்க. நான் எடுக்கிறது கணக்கு. அதுல எங்க சேர்க்கிறது?" பி.எட். படிப்பில் இதற்குப் பதில் கிடையாது. அங்கே சிந்தனையைப் படிப்படியாகப் பிரிக்கும் புளூமின் படிநிலை உண்டு, சின்னக் குழுவில் பாடம் எடுத்துப் பழகும் நுண்கற்பித்தல் உண்டு, ஆழ்ந்து கேட்கும் கேள்வி என்று ஒரு திறனும் உண்டு. ஆனால் வேதத்தையும் பாடப்புத்தகத்தையும் ஒரே மேசையில் வைத்து என்ன செய்வதென்று யாரும் சொல்லித் தருவதில்லை.

அதனால் பெரும்பாலோர் சுலபமான வழிக்குப் போய்விடுகிறார்கள். பாடம் முடிந்ததும் மணி அடிப்பதற்குள் ஒரு வசனம். இல்லாவிட்டால் முக்கோணத்தைக் கரும்பலகையில் வரைந்து, இதுதான் திரித்துவம் என்று ஒரு விளக்கம். இந்த முக்கோணம் கணக்காகவும் தேறாது, இறையியலாகவும் தேறாது. பிள்ளைகளும் விவரமானவர்கள். ஞாயிறு பள்ளியில் எந்தக் கேள்விக்கும் "இயேசப்பா" என்று சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம் என்று அவர்களுக்குத் தெரியும். வகுப்பிலும் அந்தக் குரலையே எடுத்துவிடுவார்கள்.

நான் பல வருடங்களாக ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். இதில் நான் கைக்கொள்ளும் சோதனை ஒன்றே ஒன்றுதான். நீங்கள் கேட்கப்போகும் கேள்வியிலிருந்து அன்றைய பாடத்தை உருவிவிட்டுப் பாருங்கள். அப்போதும் கேள்வி அப்படியே நின்றால் அது ஆராதனைக்கு உரியது, வகுப்புக்கு உரியது அல்ல. "கடவுள் படைத்த இயற்கையை நாம் நேசிக்க வேண்டுமா?" என்பதை எந்த வகுப்பிலும் கேட்கலாம். வரும் பதிலும் ஒன்றுதான்: "எஸ் மிஸ்." பாடம் தெரியாதவரால் பதில் சொல்லவே முடியாது என்ற அளவுக்குக் கேள்வி பாடத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

லாப நட்டத்தை எடுத்துக்கொள்வோம். போட்டித் தேர்வுப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் இருக்கும் பழைய கணக்கு: ஒரு வியாபாரி வாங்கிய விலைக்கே விற்கிறார், ஆனால் ஒரு கிலோவுக்கு 900 கிராம்தான் தருகிறார். லாபம் எத்தனை சதவீதம்? 900 கிராமுக்கு 100 கிராம் மிச்சம். ஆக 11.11 சதவீதம். புத்தகம் அதோடு அடுத்த கணக்குக்குப் போய்விடும். நான் அங்கே நின்றுகொண்டு, "இந்த 11 சதவீதம் யார் பையிலிருந்து போச்சு?" என்று மட்டும் கேட்பேன்.

எங்கள் பள்ளியில் சிவாஜிநகர் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் நிறைய. பாதிப்பேர் வீட்டில் தள்ளுவண்டியோ சின்னக் கடையோ உண்டு. ஒருமுறை இந்தக் கேள்விக்கு ஒரு பையன் கையைத் தூக்காமலே பேச ஆரம்பித்தான். "மிஸ், யஷ்வந்த்பூர் மண்டியில வெங்காய மூட்டை 50 கிலோன்னுதான் பில்லு போடறாங்க. சாக்கு, அழுகல் எல்லாம் போக 46தான் நிக்குது. அதுக்கு எங்கப்பா யார்கிட்ட போய் கேக்கறது?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் பதில் சொல்லவில்லை. சாக்பீஸை அவனிடமே கொடுத்து, "அப்பா வாங்கின விலைக்கே விக்கிறார், நட்டமும் வரக்கூடாதுன்னா, கிலோவுக்கு எவ்வளவு நிறுக்கணும்? போட்டுக் காட்டு" என்றேன். 46-ஐ 50-ஆல் வகுத்தான். 920 கிராம். லாபம் சுத்தமாகப் பூஜ்யம். புத்தகத்தில் திருடனாக வரும் ஆள் இங்கே வந்ததும் வேறொருவராகிவிட்டார். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "ரேட்டை ஏத்திட்டு சரியா நிறுக்கலாம்ல?" என்றாள். அதையும் போட்டுப் பார்த்தோம். கிலோ 30 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் 32 ரூபாய் 60 காசு சொல்ல வேண்டும். உடனே இவன்: "பக்கத்து வண்டியில 30ன்னு சொன்னா எங்ககிட்ட யாரு வருவா?"

இந்த இடத்தில்தான் வேதத்தைத் திறக்க வேண்டும், அதற்கு முன்னால் அல்ல. உபாகமம் 25-ஆம் அதிகாரத்தில், உன் பையில் பெரிதும் சிறிதுமான பலவித நிறைகற்களை வைத்திருக்க வேண்டாம் என்று ஒரு கட்டளை வருகிறது. வசனத்தை வாசித்துவிட்டு விளக்கம் சொல்லாமல், "ஒரே பையில ரெண்டு கல்லு எதுக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் வந்துவிட்டது: வாங்கும்போது பெரிய கல், விற்கும்போது சின்னக் கல். அப்படியானால் அந்தக் கட்டளை தள்ளுவண்டிக்காரரோடு மட்டும் பேசுகிறதா, மண்டியோடும் பேசுகிறதா என்று அவர்களே பிடித்துக்கொண்டார்கள். ஒரு முஸ்லிம் மாணவி, குர்ஆனிலும் இதே போல உண்டு, அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது என்றாள். அது 83-ஆவது அத்தியாயம். இன்னொருவன் தமிழ் வகுப்பில் படித்த குறளை எடுத்தான்: "வாணிகம் செய்வார்க்கு வாணிகம் பேணிப் பிறவும் தமபோல் செயின்." பிறர் பொருளையும் தன் பொருள் போலப் பேணினால் அதுவே நல்ல வாணிகம் என்கிறது அது. இதையெல்லாம் நான் கேட்டு வாங்கவில்லை.

அந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். "உங்க மதத்தில் என்ன சொல்லியிருக்கு?" என்று ஒரு பிள்ளையைப் பார்த்துக் கேட்கவே கூடாது. பன்னிரண்டு வயதுக் குழந்தையை ஒரு மதத்தின் பிரதிநிதியாக எழுப்பி நிறுத்துவது அநியாயம். கேள்வி தராசைப் பற்றியது. அதற்கு யாரும் தன் வீட்டிலிருந்தே பதில் கொண்டுவரலாம், கொண்டுவராமலும் இருக்கலாம். கிறிஸ்தவப் பிள்ளைகளிடமும் இதே கவனம் வேண்டும். "நீ போதகர் பையனாச்சே, நீ சொல்லு" என்பது அந்தப் பையனுக்குத் தண்டனை.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியை நிறுவி நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்கு அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு தருகிறது. அதை எல்லோரும் சொல்வார்கள். 28(3)-ஐச் சொல்பவர்கள் குறைவு. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் படிக்கும் யாரையும், சம்மதம் இல்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்கக் கட்டாயப்படுத்த முடியாது. மைனர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். பல பள்ளிகளில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாடம், மற்றவர்களுக்கு மாரல் சயின்ஸ் என்று தனித்தனியாக வைப்பது இதற்கும் சேர்த்துத்தான். கணக்குப் பீரியடில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே நீங்கள் கேட்பது போதனையாக மாறாமல் இருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. ஒரே முடிவை நோக்கித் தள்ளும் கேள்வியையும், மதிப்பெண் போடும் கேள்வியையும் அறவே விட்டுவிடுங்கள்.

கேட்ட பிறகு பொறுத்திருப்பதுதான் இதில் ரொம்பக் கஷ்டமான பகுதி. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆசிரியர்களின் வகுப்புப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டினாலே பதில்கள் நீளுகின்றன, பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள் என்றும் 1970-களில் எழுதினார். மூன்று வினாடி சின்ன விஷயம் போலத் தோன்றும். நாற்பது முகங்கள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது யுகம். எனக்கு ஒரு வழி கைகொடுக்கிறது: "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே, உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்று மனதுக்குள் நிதானமாக ஒருமுறை சொல்வேன். முடியும்போது நேரம் சரியாக இருக்கும்.

அறிவியலில் இடம் அதிகம், வழுக்கலும் அதிகம். பத்தாம் வகுப்பில் சோப்பு பாடம் வரும்போது பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியை விட்டுவிட முடியாது. 2015-இல் அதில் பொங்கிய நுரை சாலைக்கே வந்தது, 2017-இல் ஏரியே தீப்பிடித்தது. சோப்பு மூலக்கூறுகள் சேர்ந்து உருவாகும் மிசெல் எப்படி அழுக்கைப் பிடிக்கிறது என்று படம் போட்டு முடித்ததும், "அந்த நுரையில நம்ம வீட்டு வாஷிங் மெஷினுக்குப் பங்கு உண்டா?" என்று கேட்கலாம். தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனை வைத்தார் என்று ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. காக்கும் வேலை சோப்புக் கம்பெனிக்கா, கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டியவர்களுக்கா, துணி துவைக்கும் நமக்கா? இதற்கு வகுப்பில் சண்டையே வரும். வரட்டும்.

பரிணாமத்தை, மத்தியப் பாடப்புத்தகங்களை வெளியிடும் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் பட்டாணிச் செடியில் மரபுப் பண்புகளை ஆராய்ந்த மெண்டலின் பாடம் நடக்கும்போது "மிஸ், ஆதாம் முதல்லயா, குரங்கு முதல்லயா?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. சபைக்குச் சபை இதில் நிலைப்பாடு வேறு, பெற்றோருக்குப் பெற்றோரும் வேறு. வகுப்பில் தீர்ப்பு சொல்லாதீர்கள். நான் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைத்து, சங்கீதம் 104-க்குப் போவேன். மிருகங்களுக்கு அவர் புல்லை முளைப்பிக்கிறார் என்று அங்கே இருக்கிறது. ஒளிச்சேர்க்கையால் புல் வளர்கிறது என்று நானே போன வருடம் நடத்தினேன். இரண்டில் எது பொய்? அப்படி ஒன்றைப் பொய்யாக்கியே ஆக வேண்டுமா? இதை நன்றாக யோசித்த பிள்ளை ஆதாம் கேள்விக்குத் திரும்பிப் போகும்போது வேறு விதமாகக் கேட்கும். மெண்டல் ஒரு துறவி என்ற தகவலை மட்டும் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா விசுவாசமும் விஞ்ஞானமும் என்று முடித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவருடைய கட்டுரை 1866-இல் வெளிவந்தது, உலகம் கவனித்தது 1900-இல், அவர் இறந்தது 1884-இல். "யாரும் பாராட்டாத வேலையை எட்டு வருஷம் பட்டாணிச் செடியோட செய்ய எது ஒருத்தரைத் தாக்குப்பிடிக்க வைக்கும்?" என்று கேட்டால் அது கேள்வி.

இயற்கணித முற்றொருமைகள், முக்கோணவியல் சூத்திரங்கள் போன்றவற்றில் எதையும் சேர்க்க முயல வேண்டாம். அங்கே ஒழுங்காகக் கணக்கு சொல்லிக்கொடுப்பதே போதும். ஒரு அலகுக்கு ஒரு கேள்வி கிடைத்தால் நல்ல அறுவடை. பி.எட். பிள்ளைகள் செய்முறைத் தேர்வு வகுப்பில் இதை வைக்கலாமா என்று கேட்பார்கள். பாடக்குறிப்பில் மதிப்பீட்டுக் கேள்விக்கு அடுத்தபடி எழுதி, எந்தக் கற்றல் விளைவைத் தொடுகிறது என்று உங்களால் சொல்ல முடிந்தால் வையுங்கள். தேர்வாளர் "இது எதுக்கு?" என்று கேட்டதும் தடுமாறுவீர்கள் என்றால் வேண்டாம்.

இதே வேலையைத் தலைகீழாகவும் செய்யலாம். இங்கே தமிழ் ஆராதனைக்கு வரும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஞாயிறு பள்ளியில் வேதத்தை எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். யோவான் ஆறாம் அதிகாரத்துக்கு அவர்களைக் கணக்கு நோட்டோடு உட்கார வைத்தேன். இவர்கள் சாப்பிட அப்பம் எங்கே வாங்கலாம் என்று இயேசு பிலிப்புவைக் கேட்கிறார். இன்னது செய்யப்போகிறோம் என்று தெரிந்துகொண்டே கேட்டார் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. பிலிப்பு, இருநூறு பணத்து அப்பமும் போதாது என்கிறான். ஒரு பணம் ஒரு நாள் கூலி என்று மத்தேயு இருபதில் இருக்கிறது. இன்றைக்கு நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 200 நாளுக்கு 1,20,000 ரூபாய். புருஷர்கள் மட்டும் ஐயாயிரம். ஆளுக்கு 24 ரூபாய். "இந்த ஊர் தர்ஷினியில ரெண்டு இட்லிகூட வராது மிஸ்" என்றாள் ஒருத்தி. தர்ஷினி என்பது இங்கே நின்றுகொண்டே சாப்பிடும் சின்ன ஓட்டல்.

"சரி, பிலிப்பு போட்ட கணக்கில தப்பு எங்க இருக்கு?" என்று கேட்டேன். எல்லோரும் மறுபடி பெருக்கிப் பார்த்தார்கள், வகுத்துப் பார்த்தார்கள். ஒருவன் பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்து இன்னும் குறைவு என்று காட்டினான். தப்பு அகப்படவில்லை. ஆராதனை முடிந்து பெற்றோர் வாசலில் வந்து நின்றபோதும் இரண்டு பேர் நோட்டை மூடவில்லை. அதற்கு அடுத்த வாரம் ஒரு அப்பா என்னைப் பிடித்துக்கொண்டு, "எங்க தப்புன்னு நீங்களாவது சொல்லுங்க, வீட்டில விட மாட்டேங்கிறா" என்றார். அவரிடமும் பரமண்டல ஜெபத்தின் முதல் வரி அளவுக்குக் காத்திருந்தேன்.